மூடுலில் கட்டுரை திருத்துவது: ரூப்ரிக்கா, மார்க்கிங் கைடா?

கல்லூரி எழுத்துப் பயிற்சி வகுப்புகளில் மாணவர் கட்டுரைகளைத் திருத்த மூடுல் பரவலாகப் பயன்படுகிறது. 2002இல் மார்ட்டின் டூகியாமஸ் முதல் பதிப்பை வெளியிட்ட, இணையவழியில் பாடம் நடத்த உதவும் இந்தக் கட்டற்ற மென்பொருளில், அசைன்மென்ட் பகுதிக்குள் ‘அட்வான்ஸ்டு கிரேடிங்’ என்று ஓர் இடம் உண்டு. அங்கே ரூப்ரிக் (எழுதிவைத்த படிநிலைகளில் ஒன்றைச் சொடுக்குவது), மார்க்கிங் கைடு (மார்க்கை எண்ணாகத் தட்டச்சு செய்வது) என்று இரண்டு கருவிகள் இருக்கின்றன. பலரும் ரூப்ரிக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் இன்னொன்றைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. முழுநீளக் கட்டுரைக்கு மார்க்கிங் கைடுதான் பொருத்தம், ரூப்ரிக்கை ஒரு பத்தி, சுருக்கம், மேற்கோள் பயிற்சி போன்ற சிறிய வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதே இந்த மதிப்புரையின் தீர்ப்பு. இங்கே பேசுவது 4ஆம் வரிசைப் பதிப்புகளைப் பற்றி.

இப்படி ஒரு கருவி ஏன் வேண்டும் என்பதற்கு 1961இல் கல்வி ஆய்வாளர் பால் டீடெரிக் குழுவினர் செய்த ஆய்வே போதும். முதலாண்டு மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, அளவுகோல் எதுவும் சொல்லாமல் ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு கட்டுரையும் குறைந்தது ஐந்து வெவ்வேறு தரங்களைப் பெற்றது. 101 கட்டுரைகள் ஒன்பது தரங்களையும் பெற்றிருந்தன. திருத்தியவர்கள் அசட்டையாக இருந்ததால் வந்த வினை இல்லை இது. ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் பிழையைப் பார்த்தார், இன்னொருவர் அமைப்பைப் பார்த்தார். எதற்கு எத்தனை மார்க் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தால் இந்தச் சிதறல் குறையும், ஆனால் முழுதாக மறையாது. கருவி எது என்பதைவிட அதில் எழுதும் வாசகங்கள்தான் முக்கியம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே மேலே போகலாம்.

முதலில் ரூப்ரிக். ஒவ்வொரு அளவுகோலுக்கும் ஒரு வரிசை, வரிசைக்குள் படிநிலைகள், படிநிலை ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. திருத்துபவர் வரிசைக்கு ஒரு கட்டத்தைச் சொடுக்கினால் மூடுல் கூட்டிக்கொள்ளும். ஒரு வரிசையை விட்டுவிட்டாலும் சேமிக்க விடாது, இது நல்ல விஷயம். எடை போட மட்டும் தனி இடம் இல்லை. புள்ளிகளாலேயே எடையைக் காட்ட வேண்டும். வாதத்துக்கு 0, 10, 20, 30, மொழித் திருத்தத்துக்கு 0, 3, 6, 10 என்று கொடுத்தால் முதலாவது இரண்டாவதைப் போல மூன்று மடங்கு.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் கீழ்ப்படிநிலையின் புள்ளி. ‘கட்டுரை எழுதிக் கொடுத்தவருக்கு எப்படி பூஜ்யம் போடுவது’ என்ற இரக்கத்தில் பலர் 1, 2, 3, 4 என்று புள்ளி வைக்கிறார்கள். ஐந்து அளவுகோல்கள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒரு மாணவர் ஐந்திலும் 2 வாங்குகிறார். மொத்தம் 20க்கு 10, ஆகவே 50 சதவீதம் என்று கை கணக்குச் சொல்லும். மூடுலில் ‘குறைந்தபட்சப் புள்ளியையே குறைந்தபட்ச மதிப்பெண்ணாகக் கொள்’ என்ற பொருளில் ஒரு தேர்வுப்பெட்டி உண்டு. அது டிக் செய்யப்படாமல் இருந்தால், மென்பொருள் முதலில் மிகக் குறைந்த மொத்தமான 5ஐ இரண்டு பக்கமும் கழித்துவிடும். 10இலிருந்து 5 போக 5, 20இலிருந்து 5 போக 15, ஆக 33.33 சதவீதம். மாணவர் ரூப்ரிக்கில் 10/20 என்று பார்க்கிறார், மேலே 33.33 என்று பார்க்கிறார், உடனே மின்னஞ்சல் வருகிறது. பெட்டியை டிக் செய்தால் 50 வரும். ஆனால் அப்போது எல்லாவற்றிலும் கடைசிப் படியில் நிற்கும் கட்டுரைக்கும் 25 சதவீதம் நிச்சயம் கிடைக்கும்.

எடையும் இதே கணக்கால் கெடும். பெட்டி டிக் ஆகாத நிலையில், 10 முதல் 30 வரை புள்ளி உள்ள அளவுகோலும் 0 முதல் 20 வரை உள்ள அளவுகோலும் ஒரே எடைதான், ஏனென்றால் இரண்டிலும் மேலுக்கும் கீழுக்கும் உள்ள இடைவெளி 20. வாதத்துக்கு 30, மொழிக்கு 20 என்று நினைத்துக்கொண்டு வடிவமைத்தவருக்கு இது தெரியவே தெரியாது. இரண்டு சிக்கலுக்கும் தீர்வு ஒன்றே: எல்லா அளவுகோலிலும் கடைசிப் படிநிலையை 0இல் தொடங்குங்கள், அதன் விளக்கத்தில் ‘இல்லை’ என்று பொருள்படும்படி எழுதுங்கள். ‘மைய வாதம் எந்த வாக்கியத்திலும் சொல்லப்படவில்லை’ என்றால் 0. வாதம் இருந்து பலவீனமாக இருந்தால் அது அடுத்த படி. இரக்கத்தை அந்த அடுத்த படியின் புள்ளியில் காட்டலாம்.

கட்டுரைக்கு ரூப்ரிக் ஏன் ஒத்துவரவில்லை? ‘சான்று’ என்ற அளவுகோலை எடுத்துக்கொள்வோம், உச்சம் 25. படிநிலைகள் 0, 8, 16, 25. எட்டுக்கான விளக்கம்: ‘சான்றுகள் உள்ளன, ஆனால் அவை வாதத்துக்கு எப்படி உதவுகின்றன என்று சொல்லப்படவில்லை.’ பதினாறுக்கு: ‘பெரும்பாலான சான்றுகளை அடுத்து, அவை எதை நிறுவுகின்றன என்று எழுதப்பட்டுள்ளது.’ இப்போது ஆறு பத்திக் கட்டுரை ஒன்று வருகிறது. முதல் மூன்று பத்திகளில் மேற்கோளும் அதன் விளக்கமும் ஒழுங்காக இருக்கின்றன. நான்காம் பத்தியிலிருந்து புள்ளிவிவரங்களை வரிசையாக அடுக்கிவிட்டு அப்படியே அடுத்ததுக்குப் போய்விடுகிறார். முதல் வரைவை எழுதும் மாணவர்களிடம் இது மிகவும் சகஜம், கடைசி நேரத்தில் எழுதிய பாதி அப்படித்தான் இருக்கும். 8 போட்டால் முதல் பாதிக்கு அநியாயம், 16 போட்டால் இரண்டாம் பாதிக்குச் சலுகை. நடுவில் போட ரூப்ரிக்கில் வழியில்லை. படிநிலைகளைக் கூட்டலாம், ஆனால் திருத்தும் திரையில் வலப்பக்கப் பலகை குறுகலானது. ஐந்தாறு படிநிலைகளை வைத்தால் ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்து ஒடிந்து நீளும், படிப்பதற்கே பொறுமை வேண்டும்.

மார்க்கிங் கைடில் அதே அளவுகோலுக்கு உச்ச மார்க் 25 என்று மட்டும் இருக்கும். திருத்துபவர் 13 என்று தட்டச்சு செய்து, பக்கத்துப் பெட்டியில் ‘பத்தி 4 முதல் எண்கள் தனியாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பிறகு “ஆகவே” என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்’ என்று எழுதிவிடலாம். மாணவருக்கு உதவுவது அந்த வாக்கியம்தான். ரூப்ரிக்கிலும் ஒவ்வொரு வரிசைக்கும் குறிப்பு எழுதலாம், ஆனால் கட்டத்தைச் சொடுக்கியதுமே வேலை முடிந்துவிட்ட உணர்வு வருவதால் அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன.

கைடின் அமைப்பில் இரண்டு விளக்கப் பெட்டிகள் உண்டு: ஒன்று மாணவர்களுக்கு, மற்றொன்று திருத்துபவர்களுக்கு. இரண்டாவதை மாணவர் பார்க்க முடியாது. அதில்தான் மார்க் எல்லைகளை எழுத வேண்டும்: 20க்கு மேல் எப்போது, 13 முதல் 19 வரை எப்போது, 6 முதல் 12 வரை எப்போது, 5க்குக் கீழே எப்போது. இதை எழுதாமல் விட்டால் கைடு வெறும் எண் பெட்டியாகிவிடும், டீடெரிக் கண்ட சிதறல் அப்படியே திரும்பி வரும். எல்லைகளின் சாரத்தை மாணவர் பெட்டியிலும் போடுவது நல்லது. எதற்காக மார்க் குறைந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. 13க்கும் 14க்கும் என்ன வித்தியாசம் என்று ஒருவர் கேட்டால் பதில் இருக்காது என்பது கைடின் உண்மையான பலவீனம். ஒரு பாடத்தைப் பலர் திருத்தும்போது, 25 மார்க் அளவுகோலில் இரண்டு அல்லது மூன்று மார்க் இடைவெளியில் மட்டும் போடுவது என்று முன்பே பேசிவைத்துக்கொண்டால் இந்த வழக்கு வராது.

‘அடிக்கடி பயன்படும் கருத்துகள்’ என்ற வசதி கைடில் மட்டும்தான் இருக்கிறது. ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் சொடுக்கியதும் கருத்துப் பெட்டியில் விழும். ‘நன்று’, ‘கவனம் தேவை’ போன்றவற்றை இதில் போடாதீர்கள், வீண். மாணவர் செய்ய வேண்டிய செயலைச் சொல்லும் வாக்கியங்களைப் போடுங்கள்: ‘இந்தப் பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் படித்தால் பத்தி எதைப் பற்றியது என்று தெரிகிறதா என்று பாருங்கள்.’ பெட்டியில் விழுந்த பிறகு பத்தி எண்ணைச் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்பியது போல இருக்கும். பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களுக்கு மேல் போனால் தேடுவதற்கே நேரம் போய்விடும். அடுத்த பருவத்தில் புது அசைன்மென்ட் உருவாக்கும்போது பழைய கைடை வார்ப்புருவாக எடுத்துக்கொள்ளலாம், கருத்துகளும் கூடவே வரும். தேடும்போது ‘என் சொந்தப் படிவங்களையும் சேர்’ என்பதை டிக் செய்யாவிட்டால் உங்களுடையது பட்டியலில் தென்படாது.

ஒரு எச்சரிக்கை: கைடின் மொத்தமும் அசைன்மென்ட்டின் உச்ச மார்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும். கைடு 40, அசைன்மென்ட் 100 என்றால் 30 வாங்கியவருக்கு 75 என்று மாற்றிக் காட்டும். கணக்குச் சரிதான், ஆனால் மாணவர் கண்ணில் படுவது பொருந்தாத இரண்டு எண்கள்.

எந்தக் கருவியானாலும் அளவுகோல்களைப் பிரிப்பதில் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது: ஒரே குறைக்கு இரண்டு இடத்தில் மார்க் வெட்டுவது. மைய வாதம் தெளிவில்லை என்றால் ‘வாதம்’ பகுதியில் வெட்டு, பத்திகள் எதை நோக்கிப் போகின்றன என்று தெரியாததால் ‘அமைப்பு’ பகுதியிலும் வெட்டு. அமைப்பின் விளக்கத்தில் ‘வாதம் எதுவாக இருந்தாலும், பத்திகளின் வரிசையும் இணைப்பும் மட்டும்’ என்று எழுதிவிட்டால் இது நிற்கும். மொழிப் பிழைக்கும் அப்படியே. ஒரே பிழை இருபது இடத்தில் வந்தால் அது இருபது பிழை ஆகாது, ஒரு வகைப் பிழை. விளக்கத்தில் ‘எத்தனை வகை’ என்று எழுதுங்கள். முழுநீளக் கட்டுரைக்கு வாதம் 30, சான்று 25, அமைப்பு 20, நடை 15, மொழித் திருத்தமும் மேற்கோள் முறையும் சேர்த்து 10 என்பது நல்ல தொடக்கப் பங்கீடு. கட்டுரை மற்ற மூலங்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் டர்னிட்டின் போன்ற சேவைகள் தரும் ஒற்றுமைச் சதவீதத்தை அளவுகோலாக்கவே கூடாது. முறையாகக் காட்டிய மேற்கோளும் நூற்பட்டியலும்கூட அந்த எண்ணில் சேரலாம். அது ஆளைக் கூப்பிட்டுப் பேசுவதற்கான ஒரு குறி, மார்க் அல்ல.

திருத்தத் தொடங்கிய பிறகு ரூப்ரிக்கின் புள்ளியை மாற்ற முயன்றால் மூடுல் நிறுத்திக் கேட்கும்: ஏற்கெனவே திருத்தியவற்றை மறுபடி திருத்த வேண்டும் என்று குறிக்கவா, வேண்டாமா? ‘குறி’ என்றால் மறுபடி திருத்தும்வரை அந்த மாணவர்களுக்கு ரூப்ரிக் தெரியாது. பாதியில் மாற்றாமல் இருப்பதே உத்தமம். அதற்கு வழி, திருத்தும் முன் ஒத்திகை பார்ப்பது. ஐந்து கட்டுரைகளை எல்லோரும் தனித்தனியாகத் திருத்தி, பிறகு மார்க்குகளை ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எந்த அளவுகோலில் ஒரு படிநிலைக்கு மேல் வித்தியாசம் வருகிறதோ அந்த விளக்கத்தைத் திருத்தி எழுத வேண்டும். பெரும்பாலும் ‘போதுமான’, ‘ஓரளவு’, ‘சிறப்பான’ போன்ற சொற்கள்தான் அங்கே உட்கார்ந்திருக்கும்.

பலர் சேர்ந்து திருத்தும் இடத்தில் மூடுலின் மார்க்கிங் வொர்க்ஃப்ளோ மிக நன்றாக உழைக்கிறது. திருத்தப்படவில்லை, திருத்தத்தில், முடிந்தது, மறுபார்வையில், வெளியிடத் தயார், வெளியிடப்பட்டது என்று ஆறு நிலைகள். கடைசி நிலை வரும்வரை மாணவருக்கு மார்க்கும் தெரியாது, கருத்தும் தெரியாது. ஒரு பிரிவுக்கு முன்னாலேயே வந்துவிட்டது, இன்னொரு பிரிவு காத்திருக்கிறது என்ற புகாருக்கு இடமில்லை. மறுபார்வை நிலையில் இன்னொரு ஆசிரியர் சில கட்டுரைகளைப் பார்த்துவிடலாம். குறை என்னவென்றால், ஒரு மாணவருக்கு ஒரு திருத்துபவரைத்தான் ஒதுக்க முடியும். இருவர் தனித்தனியே மார்க் போட்டு சராசரி எடுக்க வேண்டுமென்றால் அதை வெளியே வைத்துச் செய்ய வேண்டியதுதான். வொர்க்ஃப்ளோவை இயக்கிவிட்டு ‘வெளியிடப்பட்டது’ என்று மாற்ற மறந்துவிடுவதும் அடிக்கடி நடக்கும். திருத்தியவர் சேமித்தாயிற்று என்று இருப்பார், மாணவர் ஒன்றும் வரவில்லை என்பார். பட்டியலில் எல்லோரையும் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் நிலையை மாற்றிவிடலாம்.

பெயர் மறைத்துத் திருத்தும் வசதியும் உண்டு. அதை முதல் கட்டுரை வருவதற்கு முன்பே இயக்க வேண்டும், பிறகு மாற்ற விடாது. பெயர்களை வெளிப்படுத்தினால் திரும்ப மறைக்க முடியாது, அதுவரை மார்க் மதிப்பெண் பதிவேட்டுக்கும் போகாது. கோப்பின் பெயரிலும் முதல் பக்கத்திலும் மாணவர் தம் பெயரை எழுதியிருந்தால் இத்தனை ஏற்பாடும் வீண். ‘கோப்பில் எங்கும் பெயர் வேண்டாம்’ என்பதை அசைன்மென்ட் விளக்கத்தின் முதல் வரியாகப் போடுங்கள்.

கட்டுரையின் மேலேயே குறிப்பு எழுதும் பிடிஎஃப் பகுதி பயனுள்ளது, ஆனால் சேவையகத்தின் தயவில் இருக்கிறது. பிடிஎஃப் கோப்புகளுக்கே சேவையகத்தில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். வேர்டு கோப்புகளுக்குக் கூடுதலாக ஒரு மாற்றி தேவை. அது இல்லாத இடத்தில் வேர்டு கோப்பு அந்தத் திரையில் வரவே வராது, தரவிறக்கித்தான் படிக்க வேண்டும். நிர்வாகியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை பிடிஎஃப் மட்டும் ஏற்பது பாதுகாப்பு.

இனி வரைவுகள். பள்ளி மாணவர்களிடம் கல்வி ஆய்வாளர் ரூத் பட்லர் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், கருத்து மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். மார்க்கும் கருத்தும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண்ணைப் பார்த்ததும் கருத்தைப் படிக்கும் ஆர்வம் போய்விடுகிறது என்பதை எழுத்து வகுப்பு நடத்தும் எவரும் ஒப்புக்கொள்வார்கள். ஆகவே முதல் வரைவுக்குத் தனி அசைன்மென்ட், மார்க் வகை ‘எதுவுமில்லை’, கருத்துப் பெட்டி மட்டும். இறுதி வரைவுக்கு இன்னொரு அசைன்மென்ட், அதில் கைடு. ஒரே அசைன்மென்ட்டில் கூடுதல் முயற்சிகளைத் திறந்துவிட்டும் செய்யலாம், ஆனால் முதல் வரைவின் கருத்துகள் பழைய முயற்சிகளின் பட்டியலுக்குள் போய்விடும், மாணவர் தேடித்தான் எடுக்க வேண்டும்.

சக மாணவர் திருத்தத்துக்கு வொர்க்‌ஷாப் என்ற தனிப் பகுதி இருக்கிறது. கட்டுரைக்கு 80, மற்றவர் கட்டுரையைத் திருத்தியதற்கு 20 என்பது அதன் இயல்பான பங்கீடு. திருத்தியதற்கான மார்க் எப்படி வருகிறது என்பதை மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: ஒரே கட்டுரையைத் திருத்தியவர்களில் சராசரிக்கு மிக அருகில் இருப்பவருக்கு முழு மார்க், விலகியவர்களுக்குக் குறைவு. நான்கு பேரில் மூன்று பேர் மேலோட்டமாகப் படித்துவிட்டு அள்ளிக் கொடுத்தால், கவனமாகப் படித்த நான்காமவர் தண்டிக்கப்படுவார். எழுத்து வகுப்புக்கு இந்த 20ஐ ஒன்றிரண்டாகக் குறைத்து, கருத்து எழுதும் முறையை மட்டும் பயன்படுத்துவதே நியாயம். அந்த முறையில் எல்லாக் கட்டுரைக்கும் நூறு சதவீதம் விழுந்துவிடும், அதனால் கட்டுரைக்கான 80ஐயும் சிறிதாக்கிவிடுங்கள்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால், கூகுள் கிளாஸ்ரூமின் ரூப்ரிக் 50 அளவுகோல் வரை ஏற்கும், அமைப்பதும் எளிது, ஆனால் இத்தகைய வொர்க்ஃப்ளோ அங்கே இல்லை. கேன்வாஸ் என்ற இன்னொரு கற்றல் தளத்தில் ஒரு படிநிலைக்கு ஒற்றைப் புள்ளிக்குப் பதிலாக வீச்சு கொடுக்கலாம். மூடுலின் ரூப்ரிக்கில் இந்த ஒன்று இருந்திருந்தால் மார்க்கிங் கைடுக்கு இவ்வளவு பரிந்து பேசத் தேவையிருந்திருக்காது. அட்வான்ஸ்டு கிரேடிங் இயங்கும்போது பட்டியலிலேயே மார்க் போடும் விரைவுத் திருத்தம் வேலை செய்யாது என்பதும் மூடுலின் கணக்கில் ஒரு குறை.

கடைசியாக மதிப்பெண் பதிவேடு. ‘காலி மார்க்குகளை விலக்கு’ என்பது அங்கே முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். கட்டுரையே கொடுக்காதவரின் கட்டம் காலியாக இருப்பதால், அவருடைய மொத்தம் மற்ற வேலைகளை மட்டும் வைத்துக் கணக்கிடப்பட்டு, எழுதிக் கொடுத்தவரைவிட மேலே நிற்கும். கொடுக்காதவர்களுக்கு 0 போட, பதிவேட்டின் ‘சிங்கிள் வியூ’வில் காலிக் கட்டங்களை மொத்தமாக நிரப்பும் வசதி உண்டு. அப்படிப் போட்ட மார்க் அசைன்மென்ட்டில் வரும் மார்க்கை மறித்துக்கொண்டு நிற்கும். அந்த மாணவர் பிறகு கட்டுரை கொடுத்து நீங்கள் திருத்தினாலும் பதிவேட்டில் 0 அப்படியே இருக்கும். அதனால் கெடு தேதியன்று போடாமல், தாமதமாகக்கூட ஏற்காத இறுதித் தேதி கடந்த பிறகு போடுங்கள். விதிவிலக்குக் கொடுத்தவர்களுக்கு மட்டும் அந்தக் கட்டத்தில் இந்த மறிப்பைக் குறிக்கும் ‘ஓவர்ரைடு’ டிக்கை எடுத்துவிடுங்கள்.